மரணப் படுக்கை மேடையல்ல

சாகும் தறுவாயில் ஒரு தாய். தலைமாட்டில் மகன். அவன் பகுத்தறிவாளன், அவளோ நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிட்டவள். "யாரையாவது அழைத்து வந்து தேவாரம் பாடச் சொல்லப்பா" என்கிறாள். மகன் என்ன செய்வான்? கொள்கையைக் காப்பதா, தாயின் நெஞ்சைக் காப்பதா? இன்று இக்கேள்வியைச் சந்திக்காதோர் நாளை சந்திப்பர். அழுகுரல் எழுமுன் அமைதியாக ஆராய்வோம்.

மேலுலகம் இல்லை என்றோம்; மறுபிறவி இல்லை என்றோம். சொன்னது சரியே. ஆனால், தள்ளாடியவன் ஊன்றியிருந்த கோல் உளுத்த கோல் என்று மெய்ப்பித்த நாம், அவனுக்குத் தோள் கொடுத்தோமா? நம்மை நோக்கி நாமே எழுப்ப வேண்டிய வினா இது.

மதம் தந்தது அனைத்தும் ஆறுதலா என்றால், அதுவுமன்று. புற்றுநோயால் துடிப்பவனிடம் 'முற்பிறப்பின் வினை' என்கிறார்களே, அது மருந்தா? வெந்த புண்ணில் வேலன்றோ! பிணி, உடலின் கோளாறு, பாவத்தின் கூலியன்று. இதை எடுத்துச் சொல்வதே பகுத்தறிவு தரும் முதல் ஆறுதல்.

1948-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயால் மாண்டார். உற்றாரில்லாத அவருக்குத் துணையிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி. அவர் ஆழ்ந்த கிறித்துவப் பற்றாளர். எனினும் தம் சமயத்தை அந்நோயாளியின்மேல் திணிக்கவில்லை. அவரவர் உள்ளம் அவரவர் வழியில் அமைதி காணவேண்டும் என்ற பாடத்தையே கற்றார். டாஸ்மா விட்டுச்சென்ற 500 பவுன் முதல் வித்தாயிற்று. சாண்டர்ஸ் மருத்துவம் பயின்று, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தார்.

'முழுமையான வலி' என்றார் அவர். உடலின் வலி ஒன்று. பிள்ளைகளை யார் காப்பார் என்னும் மனவலி ஒன்று. கடனும் வேலையிழப்பும் தரும் சமூக வலி ஒன்று. 'வாழ்ந்ததற்கு என்ன பொருள்?' என்னும் உள்ளத்தின் வலி மற்றொன்று. இந்த நான்காவதை 'ஆன்மிகம்' என்றதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சொல் பிடிக்காவிட்டால் விடுவோம், கேள்வியை விடலாமா? கடவுளை மறுத்தவனும் அதைக் கேட்டே சாகிறான். அவனுக்கான விடை வானத்தில் இல்லை. அவன் படிக்க வைத்த தங்கையிடம் இருக்கிறது, அவன் நட்ட மரத்தில் இருக்கிறது, அவனால் தலைநிமிர்ந்த தெருவில் இருக்கிறது. அதை இரங்கற் கூட்டத்தில் முழங்கிப் பயனென்ன? கேட்கும் செவி இருக்கும்போதே சொல்லுங்கள்!

ஆயினும், வலி தணியாத உடலில் எந்தத் தத்துவமும் ஏறாது. மார்பின் வலி தணிக்கும் மருந்து. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது நோயாளிக்கு எட்டாக்கனியாயிற்று. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கிடையில், 1993-இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஊரார் தொண்டர்களாகி நோயாளியின் வீட்டுக்கே சென்றனர். 2008-இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. அத்தொண்டர்கள் நோயாளியை மட்டுமா பார்க்கிறார்கள்? இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியையும் பார்க்கிறார்கள். அவள் ஒருவேளை உறங்க, ஒருவர் காவலிருந்தால் அதுவும் சிகிச்சையே. நம் படிப்பகங்களும் மன்றங்களும் இதைச் செய்யலாகாதா?

இனி, தாயின் கட்டிலுக்குத் திரும்புவோம். மகன் பாடுவோரை அழைக்கட்டும். அது கொள்கைத் தோல்வியன்று. சாவது அவள், அவள் விருப்பமே அங்கு சட்டம். "நீயும் நம்புகிறாயா?" என்று கேட்டால் பொய்யுரைக்க வேண்டாம், "உனக்கு இதமாயிருக்கிறதே அம்மா, அது போதும்" என்று கையைப் பற்றிக்கொள்ளட்டும். பரிகாரம் என்று பணம் பறிக்க வருபவனையும், மருந்தை நிறுத்தச் சொல்பவனையும் வாயிற்படியிலேயே தடுக்கட்டும். அங்கே தேவை உறுதி; கட்டிலருகே தேவை கனிவு.

அந்த மகன் ஒருநாள் சாகக் கிடக்கும்போது, நினைவிழந்த அவன் நெற்றியில் உறவினர் திருநீறு பூசாதிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. அன்று அதை உரத்துக் கேட்க வேண்டுமானால், இன்று தாயின் உரிமையை மதித்திருக்க வேண்டும்.

மேடையில் வாதிடுவோம், ஏட்டில் வாதிடுவோம். மரணப் படுக்கையருகே வாதம் வேண்டாம். அங்கே நாம் மனிதராக இருந்தால் போதும்.