எத்தனை டன் போதும்?

உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருக்க விரதம் ஏற்ற ஒரு குடும்பம், வீடு முழுவதையும் குளிர்விக்கும் எந்திரத்தை வாங்கலாமா? வாங்கலாம் என்றால் எவ்வளவு பெரியதை வாங்கலாம்? முதல் கேள்வியை எங்கள் சமணக் குடும்பங்களில் பலரும் எழுப்பக் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை எல்லோரும் கான்ட்ராக்டர் கையில் விட்டுவிடுகிறார்கள். இல்லறத்தாருக்கு உண்மையான அறக்கேள்வி அந்த இரண்டாவதுதான் என்று நான் நம்புகிறேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் வீடு 1,850 சதுர அடி, ஒரே தளம். கூடத்து ஜன்னல்கள் மேற்கைப் பார்த்தவை. கணவரின் தாயார் எங்களோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், இதயம் பலவீனமானவர். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவார், அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பிருப்பார். போன கோடையின் தொடக்கத்தில் எங்கள் பழைய நான்கு டன் சென்ட்ரல் ஏசியின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. புதிதாக வாங்க நாங்கள் ஒதுக்கிய பணம் கொஞ்சம்தான்.

இந்த ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் முற்றம் இருந்தது, திண்ணை இருந்தது, காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறியது. இங்கே சுவர்களும் ஜன்னல்களும் ஏசி ஓடும் என்ற கணிப்பிலேயே அமைந்தவை. அது நின்றால் வீடு சில மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தபோது, காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு வந்த வெப்பத்தில் முதியவர்கள் இறந்தார்கள். வயதான உடம்புக்கு வேர்வை குறையும், தாகம் தெரியாது, இதயத்தின் சுமை கூடும். ஆகவே எங்கள் வீட்டில் குளிர்ச்சி ஓர் உயிரைக் காக்கும் செயல். முதல் கேள்விக்கு எனக்கு விடை அதிலேயே கிடைத்துவிட்டது.

அத்தைக்குக் கிடைக்கவில்லை. “நம்ம முனிங்க கொதிக்கிற பாறையில படுத்தாங்க. எனக்காக எதுக்கும்மா இவ்வளவு செலவு, இவ்வளவு பாவம்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரியான சான்றுதான். முனிவர்கள் தாங்க வேண்டிய இருபத்திரண்டு இடர்களில் வெப்பமும் ஒன்று. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். தலைமாட்டில் கல்லையே தலையணைபோல உயர்த்தி விட்டிருப்பார்கள். ஆனால் தமிழகத்துச் சமணக் குகைத்தளங்கள் பலவற்றில் பாறையின் நெற்றியைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். மழைநீர் உள்ளே வழிந்து படுக்கைகளை நனைக்காதபடி அங்கே ஒரு காடி வெட்டியிருப்பார்கள். உடம்பின்மேல் பற்றை விட்டவர்களுக்கும் நனையாத இடம் தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. ஒரு காடி வெட்டினார்கள், அதோடு நிறுத்தினார்கள். நான் அவர்களிடம் கற்க விரும்புவது அந்த நிறுத்தத்தை.

அதோடு, துறவி தாங்கும் வெப்பம் அவரே ஏற்றுக்கொண்டது. நான் சிக்கனம் என்றோ விரதம் என்றோ சொல்லி ஏசியை வேண்டாமென்றால் அந்த வெப்பத்தைச் சுமப்பது அத்தையின் உடம்பு. என் நோன்பை இன்னொருவர் உடம்பில் நோற்பது ஹிம்சை. இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ தேவைக்கு மேல வேண்டாம்” என்றார். எங்கள் மரபு இல்லறத்தாருக்குச் சொல்வதும் அவ்வளவுதான்.

சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும் அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாரின் ஒழுக்கத்தைப் பேசும் நூல்கள். ஐந்து அணுவிரதங்களில் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. பொருளே வேண்டாம் என்பது துறவியின் மகாவிரதம். இல்லறத்தாருக்கு வைத்தது, இவ்வளவுதான் என்று தாமே வரம்பு கட்டிக்கொள்ளும் விரதம். இதைக் காக்க வந்த குணவிரதங்களில் ஒன்று, ஒருமுறை துய்க்கும் போகத்துக்கும் திரும்பத் திரும்பத் துய்க்கும் உபபோகத்துக்கும் அளவு குறிப்பது. மற்றொன்று பயனில்லாத தீங்கை விலக்குவது. வீணாக மண்ணைத் தோண்டுவது, நீரை இறைப்பது, நெருப்பு மூட்டுவது, காற்றை எழுப்புவது எல்லாம் அந்தத் தீங்கில் அடங்கும். நெருப்பிலும் காற்றிலும் ஓரறிவு உயிர் காணும் மரபு எங்களுடையது. இல்லறத்தார் அவற்றை அறவே தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, வீணாகச் செய்வதை மட்டும் தடுக்கிறது. எங்கோ எரிவாயுவை எரித்த மின்சாரத்தில், வீட்டின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் ஓர் எந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி ஏது?

ஆனால் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? வந்து பார்த்த கான்ட்ராக்டர்களில் சிலர் வாசலில் நின்றபடியே நான்கு டன் என்றார்கள். ஒருவர், இருக்கட்டும், ஐந்தே போட்டுவிடலாம் என்றார். நானூறு ஐந்நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கு அது. 1,850ஐ 500ஆல் வகுத்தால் 3.7, அதை ஏற்றினால் நான்கு. 400ஆல் வகுத்தால் 4.6, அதை ஏற்றினால் ஐந்து. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை அகற்றும் திறன். 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது இழுக்கும் வெப்பத்தை வைத்து வந்த அளவு இது. ஐந்து டன் என்றால் தினமும் ஐந்து டன் பனிக்கட்டியை என் வீட்டுக்குள் உருக்கும் வலிமை. எங்கள் சிறு குடும்பம் வாழும் வீட்டில் அதை யார் கேட்டார்கள்?

முறையான கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஏர் கண்டிஷனிங் கான்ட்ராக்டர்கள் சங்கம் வகுத்த மேனுவல் ஜே. ஒவ்வொரு சுவரின் பரப்பு, ஜன்னலின் திசை, கண்ணாடியின் வகை, கூரைக்கு மேல் போட்ட இன்சுலேஷன், கதவிடுக்கில் கசியும் காற்று எல்லாவற்றையும் அறை அறையாக அளந்து போடும் கணக்கு. அதைச் செய்ய ஒப்பிய ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரோடு நானும் அளவுநாடா பிடித்தேன். இரண்டு விதிகள் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன.

வீட்டில் எத்தனை பேர் என்பதை, படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு ஒன்று சேர்த்து எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விருந்துக்கு வரும் முப்பது பேரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றாடம் வாழ்பவர்களுக்காகத்தான் எந்திரம். வெளி வெப்பத்துக்கும் இப்படித்தான். ஊரில் இதுவரை பதிவான உச்சத்தை எடுப்பதில்லை. ஆண்டின் மொத்த மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே தாண்டிப் போகும் வெப்பநிலையை எடுக்கிறார்கள். ஹூஸ்டனுக்கு அது ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் நூற்றில் ஒன்று ஏறக்குறைய 88 மணி நேரம். அந்த 88 மணி நேரத்தில் வீடு நாம் வைத்த அளவைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது.

சமணம் சொல்லும் அளவு எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று. அந்த 88 மணி நேரத்தின் அச்சம்தான் நான்கு டன்னையும் ஐந்து டன்னையும் விற்கிறது. ஓரிரு டிகிரியால் அத்தைக்கு ஆபத்து இல்லை. மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும். தீங்கு எது, சிறு அசௌகரியம் எது என்று பிரித்துப் பார்த்து, தீங்கைத் தடுத்து, அசௌகரியத்தை மனமாரப் பொறுத்துக்கொள்வதே இல்லறத்தாரின் தவம். துறவியின் இருபத்திரண்டு இடர்களில் நம் பங்குக்கு வருவது அந்த ஓரிரு டிகிரி.

மிகையாக வாங்கினால் இன்பமாவது மிகுமா என்றால் அதுவும் இல்லை. ஹூஸ்டனின் துன்பத்தில் பாதி புழுக்கம். 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஏசி அமைப்பை வடிவமைத்தபோதும், காகிதத்தைச் சுருக்கி விரித்த ஈரத்தை அடக்குவதே நோக்கமாக இருந்தது. காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் நீராகப் படிந்து வடிய வேண்டும். அதற்கு எந்திரம் நின்று நிதானமாக ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரியது சில நிமிடங்களில் காற்றைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காயிலில் படிந்த ஈரம் வடியுமுன் மறுபடி காற்றில் கலக்கும். வீடு சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும், மூலைகளில் பூஞ்சை பிடிக்கும், ஓயாமல் நின்று எழும் கம்ப்ரசர் சீக்கிரம் தேயும். எங்கள் பழைய நான்கு டன்னில் இத்தனையும் பார்த்தோம். மிகுபொருள் தன்னை உடையவருக்கே துன்பமாகும் என்று எங்கள் ஆசான்கள் சொன்னதற்கு இதைவிட நேரான சான்றை நான் கண்டதில்லை.

எங்கள் கணக்கு 32,500 பிடியு என்று வந்தது. மூன்று டன் போதும். அப்போது எனக்கு அடுத்த கேள்வி எழுந்தது. தேவையை அளந்துவிட்டேன், அந்தத் தேவையையே குறைக்க முடியாதா? டெக்சாஸ் கோடையில் கூரைக்கும் உள்கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக் 130 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றைச் சுமக்கும் டக்ட்கள் அந்தக் கொதிப்புக்குள்தான் கிடக்கின்றன. அமெரிக்க வீடுகளில் பொதுவாக அந்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் டக்ட்களின் இடுக்குகளில் கசிந்து வீணாகிறது. யாருக்கும் பயனில்லாமல் தீயையும் காற்றையும் எழுப்புவதை நூல் கண்டித்ததே, அது எங்கள் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. இடுக்குகளை மாஸ்டிக் பூசி அடைத்தோம். அட்டிக்கில் இன்சுலேஷனைக் கூட்டினோம். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல்திரை போட்டோம். மறுபடி கணக்கிட்டபோது 27,600. இரண்டரை டன் போதும் என்றாகிவிட்டது.

பட்ஜெட் பிரச்சினையும் இங்கேயே தீர்ந்தது. டக்ட், அட்டிக் வேலைகளுக்கான செலவில் ஒரு பகுதியைச் சிறிய எந்திரம் மிச்சப்படுத்திய பணமே ஈடுகட்டியது. 2023 முதல் டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களில் இந்த அளவுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் எஸ்.இ.இ.ஆர்.2 அளவில் 14.3. வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் விலையுயர்ந்த இன்வெர்ட்டர் மாடல்களை விட்டுவிட்டு, ஒரே வேகத்தில் ஓடும் எளிய மாடலைத் தேர்ந்தோம். விலை மலிவான எந்திரத்தைச் சரியான அளவில் கவனமாகப் பொருத்தினால் நன்றாகவே உழைக்கும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பொருத்தும் வேலை.

அதில் ஒரு காரியத்தை விரதமாகவே கருதினேன். பழைய எந்திரத்தில் இருந்தது ஆர்-410ஏ. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு நிகராக உலகைச் சூடாக்கும். அதன் புவிவெப்ப எண் 2,088. புதியதில் வரும் ஆர்-454பிக்கு அது 466. 700ஐத் தாண்டும் வாயுக்களோடு வீட்டு ஏசிகளை 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் தயாரிக்கக் கூடாது. பழைய வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும் என்பதும் இங்கே சட்டம். அவசரத்தில் யாரும் அதைத் தவிர்த்துவிடக் கூடாதென்று அருகிலேயே நின்று, சிலிண்டரின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த வாயு யாரைச் சுடும் என்று எனக்குத் தெரியாது. ஏசியே இல்லாத வந்தவாசி வயலில் களை எடுப்பவளையும் சுடும் என்பது தெரியும்.

இவ்வளவும் வசதியாக வாழ்கிறவள் தன் மனத்துக்குச் சொல்லும் சமாதானமா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டரை டன்னும் வெப்பத்தை வெளியேதான் தள்ளுகிறது, தீங்கு முழுவதும் நீங்கவில்லை. அணுவிரதம் சிறிய விரதம் என்பதை எங்கள் நூல்கள் மறைப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு கடுமை உண்டு. அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எத்தனை காலத்துக்கு என்றும் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கோ மாதத்துக்கோ பருவத்துக்கோ அதை ஏற்கலாம் என்று நூலே இடம் தருகிறது. இந்தக் கோடைக்கு எங்கள் வீட்டு நியமம்: தெர்மோஸ்டாட் 77 டிகிரி, அதாவது 25 செல்சியஸ். எல்லோரும் வெளியே போகும் நாளில் 82. விசிறி எப்போதும் ‘ஆட்டோ’வில். வடிகட்டியை மாதந்தோறும் பார்ப்பது. இதை அத்தை சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள்.

“அளவோடு வாழ்கிறோம்” என்று பொதுவாகச் சொல்வது எளிது. அந்தச் சொல்லுக்குள் ஐந்து டன்னும் அடங்கிவிடும். ஆகவே கோடைக்கு முன் புதிய எந்திரம் தேடும் எம்மவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பிராண்டு, எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேட்கும் முன் கணக்குத்தாளைக் கேளுங்கள். கணக்குப் போட மறுப்பவரை வழியனுப்பி வையுங்கள். முதலில் கசிவை அடையுங்கள், பிறகு மறுபடி அளந்து பாருங்கள், வருகிற எண்ணுக்குப் பொருந்தும் அளவை வாங்கி அங்கே நில்லுங்கள். அந்த 88 மணி நேரத்தை உங்கள் நோன்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.