கோட்டுக்கு அப்பால் யார்?

ஒரு நகரத்தின் ஒழுங்கை எதைக்கொண்டு அளப்பது? நேரான தெருக்களையும் அகன்ற சாலைகளையும் கண்டால் 'திட்டமிட்ட நகர்' என்று புகழ்கிறோம். கடையும் வீடும் நெருங்கிக் கலந்து கிடந்தால் முகம் சுளிக்கிறோம். இந்த அளவுகோல் சரியானதுதானா?

இதைச் சிந்திக்கச் சேத்தியாத்தோப்பு வாசிகள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கிழக்கே சிதம்பரம்: கோயிலை நடுவில் வைத்து, தேர் ஓடும் நான்கு வீதிகளைச் சுற்றி வளர்ந்த ஊர். வடக்கே நெய்வேலி: 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், முதலில் தாளில் வரையப்பட்டு, எண்ணிட்ட வட்டங்களாக மண்ணில் எழுந்த நகரியம். சேத்தியாத்தோப்போ இவ்விரண்டு வகையிலும் சேராதது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் வெள்ளாற்றின் அருகே சந்திக்க, அச்சந்திப்பில் கூடி வாழ்வோரின் ஊர்.

ஆப்பிரிக்கக் கண்டத்திலும் இந்தப் பன்மையைக் காண்கிறோம். நைஜீரியா நாட்டிலேயே, பழைய மண்மதிலும் சந்தையும் கொண்டு நூற்றாண்டுகளாக வளர்ந்த கானோவும் உண்டு. வரைபடத்தில் பிறந்து 1991இல் தலைநகரான அபுஜாவும் உண்டு. வடிவங்கள் பல, அவற்றில் ஒன்றை மட்டும் நாகரிகம் என்பது அறியாமை.

ஆயினும் வடிவத்தைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. கோடு போட்டபோது, அதற்கு அப்பால் தள்ளப்பட்டவர் யார்? 1914இல் தாக்கார் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, பிரெஞ்சு ஆட்சியாளர் நோயைக் காரணங்காட்டி ஆப்பிரிக்கரை நகரின் மையத்திலிருந்து மெதினா என்னும் புதிய குடியிருப்புக்கு அகற்ற முற்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 'ஆறாம் வட்டாரம்' 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவிக்கப்பட்டது; அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அத்தெருக்களை இடித்துத் தள்ளியதும் திட்டமிடுதல் என்ற பெயரில்தான்.

அந்நியர் செய்த அநீதி என்று நாம் கைகழுவிவிட இயலுமா? ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்தவர் எந்தக் கடல் கடந்து வந்தார்? தில்லையின் எல்லைக்கு வந்தும் உள்ளே நுழையத் துணியாது புறத்தே வலம்வந்த திருநாளைப்போவாரின் கதை, நம் மண்ணின் நகர அமைப்பைப் பற்றிய சாட்சியமும் ஆகும். நெய்வேலியின் சுரங்கங்களுக்கும் நகரியத்துக்கும் நிலம் தந்து ஊரிழந்தவர்கள் உண்டு. ஏன், தமிழகத்தின் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலும் சாதிச் சுவர் எழும்பியதை நாம் அறிவோம். உயிரோடிருந்தபோது போட்ட கோட்டை இறந்தவர்மீதும் நீட்டினோம்!

திட்டமே வேண்டாம் என்பது இதற்கு விடையாகாது. தானாக வளரும் ஊரில் வலியவர் சாலையோரத்தைப் பிடிக்க, எளியவர் வெள்ளம் வரும் பள்ளத்துக்கு ஒதுங்குகிறார். வடிகாலும் குடிநீரும் திட்டமின்றி வருவதில்லை. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையும் பயணிகளின் உயிருக்குக் காப்பாகலாம். ஆனால் பேருந்து நிற்குமிடத்தில் பூவும் பழமும் விற்றுப் பிழைப்பவருக்கு அந்த வரைபடத்தில் ஓர் அங்குலம் உண்டா என்று கேட்பது வளர்ச்சிக்குப் பகையன்று, அதுவே அறம்.

நகரின் ஒழுங்கை இனி அதன் நடுவில் நின்று அளக்க வேண்டாம். அதன் ஓரத்தில், கடைசி வீட்டின் வாசலில் நின்று அளப்போம். அங்கே தண்ணீரும் வெளிச்சமும் மரியாதையும் வந்து சேருமானால், தெரு வளைந்திருந்தாலும் அது நேரான நகரமே.