கூரைக்கு உரியவள்

1976 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறை சட்டப்படி ஒழிந்தது. சொத்து தாய்வழியே இறங்கும் மருமக்கள்தாயம் அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. திருவிதாங்கூரில் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம், தறவாடு எனும் தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க வழிவிட்டது.

தறவாட்டைப் பெண்ணாட்சி என்று கொண்டாடுவது பிழை. நிர்வாகம் காரணவரான தாய்மாமனிடமே இருந்தது. ஆனாலும் பிறந்த வீட்டில் வாழும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவள் பிள்ளைகளோடு வெளியேற வேண்டியதில்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் மருமக்கள் வழியே இருந்தது. ஆனால் மனைவி வாழ்ந்தது கணவன் வீட்டில். அவன் கண்மூடியதும் சொத்து அவனுடைய சகோதரி மகனுக்குப் போனது. மனைவியும் மக்களும் தவித்தார்கள். அந்தக் கொடுமையைத்தான் கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்ற கவிதை நூலில் காரணவரின் ஐந்தாம் மனைவியைப் பேசவைத்துச் சொன்னார். நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென 1926இல் வந்த சட்டம் அத்தகைய பெண்களுக்கு நியாயம் செய்தது.

ஆக, வம்சம் யார் வழி என்பதைவிட, பெண் வாழும் வீடு யாருடையது என்பதே அவள் நிலையைத் தீர்மானிக்கிறது. சீர்திருத்தம் மனைவியைக் காத்தது. மகளுக்குப் பிறந்த வீட்டில் இருந்த பிடிமானத்தை அப்படிக் காக்கவில்லை. அந்த இடத்தில் வரதட்சிணை வந்து உட்கார்ந்தது.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புப் பக்கம், தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீடு எழுதிக் கொடுப்பது வழக்கம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரண வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண் பெயரில் பதிவாயின. தாய்வழி மரபை இன்று அழிப்பதற்குப் பகைமை தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டமே போதும்.

கேரளத்திலேயே, அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்குத் தறவாடும் இல்லை, பட்டாவும் இல்லை. தலைமுறைகளாகக் குடியிருந்த லயம் எனும் வரிசை வீடு கம்பெனிச் சொத்து. தோட்டம் முடங்கியது, கூலி நின்றது, லயங்களும் சிதைந்தன.

பழைய முறை திரும்ப வேண்டியதில்லை. அது சில சாதிகளுக்கு மட்டும் தந்த பாதுகாப்பு எல்லாப் பெண்களுக்கும் வேண்டும். அரசு கட்டித்தரும் வீடானாலும் தோட்டத் தொழிலாளிக்குத் தரும் நிலமானாலும், பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அவள் சம்மதமின்றி அதை விற்கவோ அடகு வைக்கவோ எவராலும் முடியக் கூடாது.