இல்லாமைக்கு அபராதம்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்குச் சென்ற வருஷம் நான் ஓர் உபகாரம் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தற்பெருமை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த உபகாரத்தால் அவளுக்கு 3,540 ரூபாய் நஷ்டம்.

அவள் நாலு வீடுகளில் வேலை செய்கிறவள். எங்கள் வீட்டுச் சம்பளம் 4,000 ரூபாய். மகள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் சேர்க்க மாதம் ஆயிரமாவது ஒதுக்க வேண்டும், ஆனால் வீட்டில் வைத்தால் பணம் தங்குவதில்லை, அரிசிப் பானைக்குள் ஒளித்தாலும் மகன் மோப்பம் பிடித்துவிடுகிறான் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தி, "பாங்கில் கணக்கு இல்லையா?" என்று கேட்டேன். இருந்தது. முன்பு ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தபோது, சம்பளம் போடுவதற்காகக் கம்பெனிக்காரர்களே திறந்து கொடுத்த கணக்கு. "அதிலேயே மாதம் ஆயிரம் போட்டுவிடுகிறேன். கையில் இருந்தால்தானே செலவாகும்?" என்றேன். சிக்கனத்தைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். கதை எழுதுகிறவனுக்குப் பிரசங்கம் செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால் லேசில் விடமாட்டான்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாதம். 6,000 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். மே மாதம் பார்க்கப் போனவள், கணக்கில் இருப்பது 2,460 என்று எழுதிய துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தாள்.

"யாரோ எடுத்துட்டாங்க, ஐயா" என்றாள்.

அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்க மறுநாள் நானும் அவளோடு புறப்பட்டேன். எந்த பாங்கு என்பது இங்கே முக்கியமல்ல. டோக்கன் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குளிர்சாதனக் காற்று பழக்கமில்லாமல் அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கனவானைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது, என் மகன் வயது இருக்கக்கூடிய ஓர் இளைஞன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, விஷயத்தை விளக்கினான்.

கம்பெனிச் சம்பளம் வருகிற வரையில் அது சம்பளக் கணக்கு. ஒரு ரூபாய்கூட இல்லாமல் வைத்திருக்கலாம். சம்பளம் நின்று சில மாதம் ஆனதும் அது தானாகவே சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மாறிவிட்டால் சராசரியாகப் பதினாயிரம் ரூபாய் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாதம் 500 ரூபாய் கட்டணம். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி. ஆகமொத்தம் 590.

நான் மனக்கணக்குப் போட்டேன். கல்லூரியில் எனக்கு வராத பாடம் அது. இருந்தாலும் இந்தக் கணக்கு வந்தது. மாதம் நான் ஆயிரம் போட்டேன், அவர்கள் ஐந்நூற்றுத் தொண்ணூறு எடுத்தார்கள். அவள் நாலாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேய்த்த பாத்திரங்களில் பாதிக்கு மேல் பாங்குக்காகத் தேய்த்தவை.

"முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா?" என்றேன்.

"மெசேஜ் போயிருக்கு, சார்."

போயிருந்தது. இங்கிலீஷில். அவளுடைய கைபேசியில், ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் லாட்டரி மோசடிகளுக்கும் நடுவே.

"யாரப்பா எடுத்தது இந்தப் பணத்தை?"

"சிஸ்டம் எடுத்திருக்கு, சார். நாங்க யாரும் கை வைக்கலே."

"சிஸ்டத்துக்கு உத்தரவு போட்டது யார்?"

"அது மும்பாயில, சார்."

நான் குரலை உயர்த்தினேன். ஒரு பக்க வசனம் பேசியிருப்பேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இளைஞனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எனக்குச் சற்றுத் திருப்தியாகக்கூட இருந்தது. வெளியே வந்ததும் அவள் மெல்லச் சொன்னாள்: "அந்தப் புள்ளைய ஏன் ஐயா திட்டினீங்க? அது என்னா பண்ணும்?"

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அநியாயம் நடந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அநியாயம் செய்தவன் எங்கே? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். அவனுக்கு மேலே உள்ளவரும் அப்படியே. விதியை வகுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கும் அவர்கள் முகம் தெரியாது. 'யாரோ' என்று அவள் சொன்னது அறியாமை அல்ல, மிகச் சரியான விவரணை.

பாங்குத் தரப்பில் நியாயமே இல்லையா? யோசித்துப் பார்த்தேன். ஒரு கணக்கை வைத்துப் பராமரிக்கச் செலவு உண்டு, யாராவது அதைக் கொடுத்தாக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் வேறு, அபராதம் வேறு. செய்த வேலைக்குக் கேட்பது கட்டணம். செய்த குற்றத்துக்குக் கேட்பது அபராதம். அமெரிக்காவில், கணக்கில் இருப்பதற்கு மேல் ஒருவன் செலவு செய்துவிட்டால் பாங்கு அதை ஈடுகட்டிவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் 35 டாலர் வரையில் வசூல் செய்யும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. கொடுமைதான். இருந்தாலும் அங்கே ஒரு கடன் கொடுக்கப்பட்டது. இங்கே யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்? அவள் பணம்தான் பாங்கில் இருந்தது. கணக்கைப் பராமரிக்கும் செலவுதான் காரணம் என்றால், லட்சம் வைத்திருக்கிறவரிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? அவருக்குக் காப்பி கொடுக்கிறார்கள். ஆகவே இது கட்டணம் அல்ல. குற்றத்துக்கு வாங்கிய அபராதமே. குற்றம், இல்லாமை. அந்த அபராதத்தில் சர்க்காருக்கும் ஒரு பங்கு வரியாகப் போகிறது.

சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1969 ஜூலையில் பதினான்கு பாங்குகளை நாட்டுடைமை ஆக்கியபோது, சாமானியனுக்காக என்று சொன்னார்கள். 2017-ல் ஸ்டேட் பாங்க் இந்த அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதத்தில் இந்த வகையில் மட்டும் அதற்கு வந்த தொகை சுமார் 1,771 கோடி ரூபாய். அதே வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அது சம்பாதித்த லாபத்தைவிட அதிகம்! கூச்சல் எழுந்தது. 2020 மார்ச்சில் அபராதத்தைக் கைவிட்டார்கள். 2025-ல் கனரா பாங்கும் இந்தியன் பாங்கும் பஞ்சாப் நேஷனல் பாங்கும் கைவிட்டன. விட முடிந்தது அல்லவா? விட்ட பிறகு வானம் இடிந்து விழவில்லை.

இனி, தண்டல்காரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வசிக்கும் தெருவுக்குத் தினமும் மாலையில் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆசாமி வருகிறான். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பான். தினம் நூறாக நூறு நாள் வாங்குவான். பகல் கொள்ளை. ஆனால் அவள் புருஷன் இறந்தபோது அவன் வந்து, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இரண்டு வாரம் தண்டல் கேட்காமல் போனானாம். அவனைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. முகம் பார்த்து இரங்குகிறவன் முகம் பார்த்து மிரட்டவும் செய்வான், அவன் தயவில் வாழ்வது அடிமைத்தனம். முகம் பார்க்காத சட்டம் வேண்டும் என்று நாம் கேட்டதே அதனால்தான். பாங்கு முகம் பார்க்காமல் இருக்கட்டும். அப்படியானால் பணத்தை மட்டும் ஏன் பார்க்கிறது? குருடாக இருந்தால் முழுக் குருடாக இருக்க வேண்டும்.

பிற்பாடு விசாரித்ததில் ஒரு சங்கதி தெரிந்தது. குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை எல்லா பாங்குகளும் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2012-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் எவரும் அதைச் சொல்லவில்லை. இன்ஷ்யூரன்ஸ் பாலிஸி ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பாங்குக்குப் புகார் எழுதினேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குச் செலவில்லை. இது 1995-லிருந்து உள்ள ஏற்பாடு. எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. விதிப்படியே எல்லாம் நடந்திருக்கிறது. ஆயினும் 'நல்லெண்ண அடிப்படையில்' இரண்டு மாதத் தொகையான 1,180 ரூபாய் திருப்பி வரவு வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து இல்லை. கம்ப்யூட்டர் தயாரித்த கடிதம், கையொப்பம் தேவையில்லை என்று அடியில் அச்சிட்டிருந்தது.

தமிழில் படித்துச் சொன்னேன். "என் காசுதானே ஐயா? அதை எனக்குக் குடுக்க எதுக்கு நல்லெண்ணம்?" என்றாள்.

மீதியை நான் தருகிறேன் என்றேன். யோசனை சொன்னவன் நான், பணம் போட்டவனும் நான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "நீங்களா எடுத்தீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சொல்லக்கூடிய பதிலை எனக்காக அவளே சொல்லிவிட்டாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். குறைந்த பணத்துக்குத் தண்டலில் ஐயாயிரம் என்று பேசி, கையில் 4,250 வாங்கினாளாம். தினம் ஐம்பது கட்டுகிறாள். கணக்கை மூடிவிட்டாள். இப்போது ஒன்றாம் தேதி 4,000 ரூபாயையும் நோட்டாகவே எண்ணிக் கொடுக்கிறேன். அவள் ஒரு தடவை எண்ணிப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதிப் பாத்திரத்தைத் தேய்க்கப் போகிறாள்.