சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட ஓட்டு

அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்தியாவில் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. ஆட்சியைப் பற்றி முடிவெடுக்கும் தகுதி 18 வயதில் வந்துவிடுகிறது என்ற தத்துவத் தீர்ப்பும் அதில் அடங்கியிருந்தது. பழைய சிந்தனை இதை ஒப்பியதில்லை. அனுபவம் போதாதவர், உணர்ச்சியின் வழி நடப்பவர் என்பதால் இளைஞர் அரசியல் கற்பதற்கே ஏற்றவரல்லர் என்றார் அரிஸ்டாட்டில். உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, பதவிக்குப் பெயர் எழுதப்படுவோர் 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. இன்றைய சட்டமும் முழுதாக நம்பிவிடவில்லை: வாக்களிக்க 18 போதும்; உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 ஆக வேண்டும்.

வயதை ஒரு சட்டத்தால் குறைத்துவிடலாம். தகுதியை அப்படி வழங்க முடியாது என்பது அரசுக்குத் தெரிந்தே இருக்கிறது. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம், 1972-இல் நேரு யுவ கேந்திரா, 2011 முதல் ஜனவரி 25 அன்று தேசிய வாக்காளர் தினம், 2018-இல் பள்ளி, கல்லூரிகளில் தேர்தல் கல்விக் குழுக்கள், 2023-இல் ‘மை பாரத்’ என வரிசை நீள்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வயதைக் கணக்கிடும் தகுதி நாளும் ஆண்டுக்கு ஒன்றாக இல்லாமல் நான்காகிவிட்டது. பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு இவை உதவும். பெயர் ஏறிய பிறகு அந்த வாக்கை எந்த அறத்துக்குக் கட்டுப்பட்டுப் போடுவது என்பதுதான் கடினமான கேள்வி.

அரசு அதற்குத் தரும் விடை ஓர் உறுதிமொழி. வாக்காளர் தினத்தன்று மாணவர்கள் கை நீட்டி அதை ஏற்கிறார்கள்: மதம், இனம், சாதி, மொழி, எந்தத் தூண்டுதல் ஆனாலும் அதற்கு ஆட்படாமல் வாக்களிப்பது. ஆணையிட்டுக் கொடுப்பது சமய வழக்கம். அந்த வழக்கத்தின் வடிவை எடுத்துக்கொண்டு, சமயத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறது அரசு. சமயத்தை வெளியே வைக்கச் சொல்லும் கோரிக்கை வேலூருக்குப் புதிதல்ல. நெற்றிக்குறியை அழி, தாடியைத் திருத்து, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று கும்பெனிப் படை இட்ட உத்தரவே 1806 ஜூலை 10 எழுச்சிக்கு உடனடிக் காரணமானது. இன்றைய உறுதிமொழி யாரையும் அப்படி வற்புறுத்துவதில்லை. ஆனாலும் அதற்குப் போட்டியாக, ஓட்டுக்குப் பணம் வாங்கும்போது கொடுக்கும் வேறொரு சத்தியம் ஊருக்குள் நடமாடுகிறது.

வேலூர் மக்களவைத் தொகுதியில் தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை அடக்கம். 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே வாக்குப்பதிவு நடந்திருக்க வேண்டும். வருமான வரிச் சோதனைகளில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதால், இரண்டு நாளுக்கு முன் தேர்தல் ரத்தானது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பேராசை என்று கண்டிப்பது எளிது. அது பாதி உண்மைதான். வாக்கு இரகசியமானது, வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவர் சரிபார்க்க வழியில்லை. அவருக்கு உள்ள ஒரே பிடி, வாங்கியவரின் நாணயம். தமிழ்நாட்டில் பணம் கொடுக்கும்போது சாமி மேல் சத்தியம் வாங்குவதும் கற்பூரம் ஏற்றுவதும் அதனால்தான். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வளர்ந்தவருக்கு, வாங்கிவிட்டு மாற்றிப் போடுவதே துரோகமாகத் தோன்றும். ஆக, இந்த லஞ்சம் மக்களின் தீய குணத்தைவிட அவர்களின் நல்ல குணத்தையே அதிகம் நம்பி நடக்கிறது. நேர்மையாக இருங்கள் என்று மட்டும் சொல்லும் பிரசாரம் அங்கே எடுபடாது. பணம் வாங்கியவரும் தன்னை நேர்மையானவராகத்தான் நினைக்கிறார்.

தவறான காரியத்துக்குக் கொடுத்த சத்தியம் கட்டுப்படுத்துமா? இதில் இப்பகுதியின் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயங்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே பக்கம் நிற்கின்றன. தன் வில்லான காண்டீவத்தைப் பிறருக்குக் கொடு என்பவரைக் கொல்வேன் என்று சபதமிட்டிருந்த அருச்சுனன், அப்படிச் சொன்ன தருமனை நோக்கி வாளை உருவியபோது, கண்ணன் தடுத்து, சொல் காப்பது மட்டுமே தருமமாகிவிடாது என்று விளக்குவது மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் வருகிறது. தீமை செய்வதாக இட்ட ஆணை ஒருவரைக் கட்டாது என்பது கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் முடிவு. இஸ்லாமிய மரபில், இட்ட சத்தியத்தைவிட நல்லது தென்பட்டால் நல்லதைச் செய்துவிட்டு, சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் செய்ய வேண்டும்: பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ, இயலாதவருக்கு மூன்று நாள் நோன்பு.

அடுத்த கேள்வி, விற்றது யாருடைய பொருள் என்பது. வாக்கு தன் சொத்து என்றால் விற்பவரைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் பிறர் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்றார். தேவ்பந்த் மரபின் முஃப்தி முகம்மது ஷஃபி வாக்கைச் சாட்சியம் என்று கொண்டார்: இன்னார் தகுதியானவர் என்று வாக்காளர் சாட்சி சொல்கிறார்; காசுக்குச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. மூன்று கருத்துகளில் இளம் வாக்காளருக்கு எளிதில் பிடிபடக்கூடியது இதுவே. மில் ஒரு படி மேலே போய், பொறுப்பு என்பதால் வாக்கை வெளிப்படையாகப் போட வேண்டும் என்று வாதாடினார். அது வேலூருக்கு ஒவ்வாது. இரகசியம் ஒன்றுதான் பணம் வாங்கியவருக்கும் மனசாட்சிப்படி போட இடம் விட்டிருக்கிறது. பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆனால் ஏற்கெனவே வாங்கிவிட்டவர் பூத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டத்திடம் விடை கிடையாது. அதைச் சமயப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். தேர்தலில் சமயம் வேண்டாம் என்பதை ஆள் தேர்வுக்கு மட்டும் பொருத்தி, மனசாட்சிக்குப் பொருத்தாமல் விடுவதே சரி.

அரசின் உத்திகளில் இன்னொரு குறை, அவை பெரும்பாலும் வளாகத்துக்குள் நிற்பது. கல்லூரிக்குப் போகாத இளைஞர்களுக்கும் இத்திட்டங்களில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஆம்பூரின் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு அரசு உறுதியாகத் தருவது, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுப்பு. அறம் செய்து பழகித்தான் வரும் என்றவரும் அரிஸ்டாட்டில்தான். அரசியலமைப்பு ஒழுக்கம் இயல்பாக வந்துவிடாது, வளர்த்தெடுக்க வேண்டும் என்று 1948-இல் அம்பேத்கர் சொன்னதும் இதே திசையில்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் ஓட்டில் என்ன பழக்கம் வரும்? கிராம சபை, தொழிற்சங்கம், பாலாற்று நீருக்கான வழக்கு போன்றவையே பழகும் களங்கள்.

அந்த வழக்கு அரசு அழைத்து நடந்த பங்கேற்பல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தோல் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்த 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்தவர்கள் வேலூரில் 2019, 2024 ஆகிய இரண்டு மக்களவைத் தேர்தல்களிலும் வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தார்கள். பாலாற்று மாசுக்கான இழப்பீட்டைப் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.