இறங்குகிறவன் கடமை

அச்சன்புதூரிலிருந்து வடகரை, பண்பொழி வழியாகச் செங்கோட்டைக்கு வந்து மேற்கே திரும்பினால், புளியரையைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. சாரல் காலத்தில் அந்த வளைவுகளில் நின்று கீழே பார்ப்பவனுக்கு வயலும் தென்னையும் பசுமையாகத் தெரியும். அதைக் காணவே காரில் வருகிறவர்கள் பலர். அதே சாலையில் காய்கறி மூட்டைகளைச் சுமந்துகொண்டு கேரளத்துக்கு லாரிகளும் போகின்றன.

மலைச் சாலைக்கு ஒரு விதி உண்டு. இரண்டு வண்டிகள் விலக அகலம் போதாத இடத்தில், இறங்கி வருகிற வண்டிதான் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது இருந்தது. காரணம் எளியது. பாரத்தோடு ஏறுகிற வண்டி நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. இறங்குகிறவனுக்கோ நிற்பதும் கிளம்புவதும் அவ்வளவு சிரமமில்லை.

யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் யார் யாருக்கு ஒதுங்குகிறார்கள்? சைக்கிள்காரன் காருக்கு ஒதுங்குகிறான். நடக்கிறவன் எல்லோருக்கும் ஒதுங்குகிறான். மலையில் மட்டும் கேள்வியே வேறு. நீ யார் என்று அது கேட்பதில்லை. உனக்கு இப்போது ஏற்றமா, இறக்கமா என்றுதான் கேட்கிறது.

ஒருமுறை நண்பர் ஒருவரோடு போனேன். கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவை நோக்கி இறங்கும்போது, எதிரே ஏறி வந்த லாரிக்காக அவர் காரை ஓரங்கட்டினார். லாரி முக்கி முனகிக்கொண்டு போயிற்று.

“பார்த்தீரா? ஒரு கை அசைத்தானா?” என்றார் நண்பர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். எந்தக் கையை அசைப்பான்? சற்று முன்பு புளியரை ஏற்றத்தில் எத்தனையோ வண்டிகள் எங்களுக்காக நின்றன. நண்பர் அவர்களுக்குக் கை அசைத்ததாக நினைவில்லை. கணவாயின் ஒரு பக்கம் நாம் உரிமைக்காரர், மறுபக்கம் கடன்காரர். கடனைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கலாமா? தருமம் என்று நாம் பெயரிட்டுக்கொள்வதில் பாதி இப்படிப்பட்ட கடன்தான்.

விதி பேசாத இடமும் உண்டு. வளைவையடுத்துச் சாலையோரம் கொஞ்சம் சமதரை கிடைக்கும். காரில் வந்தவர்கள் அங்கே பாய் விரித்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, ‘கேம்ப்’ என்கிறார்கள். லாரிக்காரர்களும் சாலையோரம் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். அதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. அந்தத் தரை யாருக்கு? ரசிப்பதும் மனிதனுக்குத் தேவைதான். பிழைப்பு ஒன்றே உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பார்க்க வந்தவனுக்கு நின்று யோசிக்க நேரமிருக்கிறது. அவன்தான் இறக்கத்தில் வருகிறவன்.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. கொல்லம் துறைமுகத்துச் சரக்குக்காகப் போட்ட பாதை அது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக மாற்றி 2018இல் மறுபடி திறந்தார்கள். சரக்குக்காகக் கட்டியதை இன்று அழகு என்று நின்று பார்க்கிறோம். சரக்கு கொண்டுபோகிற லாரிக்காரருக்கும் பார்க்க ஆசை இருக்கலாம். நாங்கள் போன அன்று பாலத்தருகே வரிசையாகக் கார்கள் நின்றன. லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. இடமில்லையென்று கண்டு மேலே போய்விட்டது.