தொமே என்றொரு பெயர்

சில வருஷங்களுக்கு முன் ஜப்பானிய வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பதிவுப் படிவம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பெயருக்கு இரண்டு கட்டங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று கான்ஜி எழுத்துக்கு, இன்னொன்று உச்சரிப்புக்கு. ஒரே பெயருக்கு எதுக்கு ரெண்டு கட்டம்? எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை நிரலே கண்டுபிடித்துவிடும் என்று இரண்டாவதைத் தூக்கிவிட்டேன். அங்கிருந்த சகா ஒரு பெயரை மட்டும் பதிலாக அனுப்பினார். ‘பெரிது’, ‘பறத்தல்’ என்று இரண்டு எழுத்து. அதை ஹிரோதோ என்று வாசிக்கலாம், ஹருதோ என்றும், யமதோ என்றும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும். கட்டத்தைத் திரும்பப் போட்டேன்.

அரசின் குடும்பப் பதிவேடான கொசெகியிலேயே 2025 மே வரை உச்சரிப்புக்கு இடம் இல்லை. எந்த எழுத்தை வைக்கலாம் என்பதில் மட்டும் 1948 முதல் கறாரான பட்டியல். 2004இல் அதை நீட்டித்தபோது வரைவில் ‘மலம்’, ‘பிணம்’, ‘சாபம்’ எல்லாம் வந்து, ஜனங்கள் கத்தி, எடுத்துவிட்டார்கள்.

1993இல் டோக்கியோவின் அகிஷிமா நகரில் ஒரு தகப்பன் மகனுக்கு அகுமா என்று பெயர் பதியப் போனார். பிசாசு என்று அர்த்தம். இரண்டு எழுத்துமே பட்டியலில் உள்ளவைதான். முதலில் வாங்கிக்கொண்ட அலுவலகம் பிறகு மறுத்தது. பெயரிடும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார், ஆனால் பதிந்ததை அலுவலகம் அடித்ததும் தப்பு என்றது குடும்ப நீதிமன்றம். கடைசியில் பெற்றோரே வேறு பெயர் வைத்தார்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வேணாம்னு சொல்ல அந்தக் குழந்தைக்கு வாய் இல்லையே.

ஆனால் கெட்ட அர்த்தம் என்பதுதானா பிரச்சினை? பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி, தன் மகனைச் ‘சுதெ’ என்று அழைத்தார். தூக்கி எறிந்தது என்று பொருள். வேண்டாத பிள்ளை என்று நினைத்துச் சாவு கண்டுகொள்ளாமல் போகட்டும் என்பதற்காக. நம் ஊர்க் குப்பையும் பிச்சையும் இதே தந்திரம்தான். அந்தப் பிள்ளை 1591இலேயே இறந்துபோனது. 1593இல் அடுத்தவன் பிறந்ததும் ‘ஹிரோய்’ என்றார்: பொறுக்கி எடுத்தது. பயந்துபோன ஒரு அப்பாவின் பெயர்கள் அவை.

என்னைத் தொந்தரவு செய்வது தொமே. நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானியப் பெண்களிடையே சாதாரணமான பெயர். நிறுத்து, போதும், இதோடு பிள்ளை வேண்டாம் என்பதற்காக வைத்தது. பெரும்பாலும் வெறும் ஒலியெழுத்தில் எழுதுவார்கள். எந்தப் பட்டியலும் அதில் குறை காணாது. சுதெ சாவுக்குச் சொன்ன பொய். தொமே விதிக்குப் போட்ட மனு. கடிதம் வேறு யாருக்கோ. வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்து திரிவது மட்டும் இந்தப் பிள்ளை. அகுமாவின் தகப்பனும் ஊருக்குத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். குழந்தைக்கென்றே எழுதிய ‘பெரிதாகப் பற’கூட கொஞ்சம் கனம்தான், ஆனால் அதில் விலாசம் சரி.

ஜப்பானிய மொழியில் ‘தொமெரு’ என்ற ஒலிக்கு நிறுத்துவது என்றும், போகாமல் பிடித்துவைப்பது என்றும் அர்த்தம் உண்டு. எத்தனை தொமேக்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்களோ.

எங்கள் அப்பாவின் அத்தை பெயர் போதும்பொண்ணு. ரேஷன் கார்டில் முழுசாக இருக்கும். யாராவது பெயர் கேட்டால் “பொண்ணுன்னு போட்டுக்க தம்பி” என்பார். எங்களுக்கும் அவர் பொண்ணு அத்தைதான். முழுப் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது அவருடைய இறப்புச் சான்றிதழில்.